விரல்கள் வலிக்கின்றன, கைப்பிடிகள் மாறட்டும்

மூட்டுவாதம் என்றதும் நம் நினைவுக்கு வருவது முழங்கால்தான். மாடிப்படி ஏற முடியவில்லை, தரையில் உட்கார முடியவில்லை, கோயிலைச் சுற்றிவர முடியவில்லை என்ற குறைகளை வீடுதோறும் கேட்கிறோம். அதே நோய் விரல்களையும் மணிக்கட்டையும் பற்றும்போது அதைக் குறித்து அதிகம் பேசுவோர் இல்லை. ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருக முடியாததும், கொதிக்கும் பாத்திரத்தை இறக்க அஞ்சுவதும், கால் கிலோ வெண்டைக்காயை நறுக்க அரைமணி நேரம் ஆவதும் நோயின் கணக்கில் சேர்வதில்லை. "வயதாகிவிட்டது" என்ற ஒற்றைச் சொல்லில் அவை அடங்கிவிடுகின்றன.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது: இந்தத் துன்பத்தின் ஒரு பகுதிதான் நோயால் வருகிறது. மற்றொரு பகுதி, கையில் எடுக்கும் கருவியால் வருகிறது. மருந்து செய்ய வேண்டியதை மருந்து செய்யட்டும். கைப்பிடி செய்யக்கூடியதை ஏன் இன்னும் செய்யாமல் இருக்கிறோம்? இதற்கான விடை மருத்துவ நூல்களில் இல்லை, பொருளாதாரத்தில் இருக்கிறது.

எத்தனை பேர்?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019இல் உலகில் ஏறத்தாழ 52 கோடியே 80 லட்சம் பேர் மூட்டுத் தேய்மானத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களில் 60 விழுக்காட்டினர் பெண்கள். முடக்குவாதம் எனப்படும் 'ருமட்டாய்டு' வகை மூட்டழற்சியால் பாதிக்கப்பட்டோர் 1 கோடியே 80 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் பெண்கள்.

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடியே 38 லட்சம் பேர். மக்கள்தொகையில் முதியோர் விகிதம் மிகுந்த பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த நிலையில் இருந்தது தமிழ்நாடு. அதன்பின் இந்த விகிதம் ஏறிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, இருவராகவோ தனியாகவோ வாழும் முதியோர் இல்லாத தெரு இன்று நம் நகரங்களில் அரிது. அவர்களுக்குச் சமையலறை என்பது சுதந்திரத்தின் கடைசி எல்லை. தன் காப்பியைத் தானே போட்டுக்கொள்ள முடியாத நாளில்தான் ஒருவர் பிறரைச் சார்ந்து வாழத் தொடங்குகிறார்.

வலி எங்கிருந்து வருகிறது?

மூட்டுத் தேய்மானம் கையில் வரும்போது பெரும்பாலும் விரல் நுனியை ஒட்டிய கணுக்களையும் கட்டைவிரலின் அடிமூட்டையும் தாக்குகிறது. முடக்குவாதம் வேறு வகை. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் நோய் அது. விரல்களின் அடிக்கணுக்களும் மணிக்கட்டும் வீங்குகின்றன. காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்துக் கிடப்பது அதன் முக்கிய அடையாளம். அந்த விறைப்பு நெடுநேரம் நீடிக்கும். நம் வீடுகளிலோ பால் காய்ச்சுவது, காய் நறுக்குவது, குக்கர் வைப்பது என்று சமையலறையின் கடினமான வேலைகள் எல்லாம் அந்தக் காலை நேரத்தில்தான் குவிகின்றன. கை மிகவும் ஒத்துழைக்காத வேளையில், கையிடம் மிக அதிகமாகக் கேட்கிறோம்.

கருவியின் பங்கு இதில் எவ்வளவு? கூனி, சாவ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்ட ஒரு கணக்கு இதைத் தெளிவாக்குகிறது. கட்டைவிரல் நுனியாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு பொருளை 1 கிலோ விசையோடு கிள்ளிப் பிடித்தால், கட்டைவிரலின் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ அழுத்தம் விழுகிறது. மெல்லிய தகட்டுக் கைப்பிடி கொண்ட கரண்டியையோ சிறு கத்தியையோ நாம் கிள்ளித்தான் பிடிக்கிறோம். ஆரோக்கியமான மூட்டு அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொள்கிறது. தேய்ந்த மூட்டு ஒவ்வொரு முறையும் எதிர்ப்புத் தெரிவிக்கிறது.

எனவே, மூட்டுவாதக் கைகளுக்கான கருவி வடிவமைப்பு சில எளிய விதிகளில் அடங்குகிறது.

முதல் விதி பருமன். கைப்பிடி தடித்தால் விரல்கள் முழுதாக மடங்க வேண்டியதில்லை; கிள்ளிப் பிடிப்பதற்குப் பதில் உள்ளங்கை முழுவதாலும் பற்றலாம். முழுக்கையால் பற்றும் கருவிகளுக்கு 32 முதல் 51 மில்லிமீட்டர் வரை விட்டம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரை. நம் ஊர் எவர்சில்வர் கரண்டியின் காம்பை ஒரு முறை அளந்து பாருங்கள். திருகும் கருவிகளில் பருமனுக்கு இன்னொரு பயனும் உண்டு. 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிடியைத் திருகத் தேவைப்படும் விசையில் பாதி போதும், அதே பிடி 4 சென்டிமீட்டராக இருந்தால். ஆனால் பருமனுக்கும் ஒரு வரம்பு உண்டு. கைக்கு அடங்காத பிடியும் வலியையே தரும். அமெரிக்க அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நம் பெண்களின் கைகளை அளந்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது உராய்வு. வழுக்கும் பொருளை இறுக்கிப் பிடித்தாக வேண்டும். வழுக்காத பொருளை மென்மையாகப் பிடித்தால் போதும். சமையலறையில் கை எப்போதும் ஈரமாகவோ எண்ணெய்ப் பிசுக்கோடோ இருக்கிறது. பளபளப்பான எஃகு கண்ணுக்கு அழகு, விரலுக்குச் சுமை. மூன்றாவது கோணம். மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான் பிடியின் வலு முழுமையாகக் கிடைக்கிறது. ஆகவே வளைய வேண்டியது கருவி, மணிக்கட்டு அல்ல. நான்காவது நெம்புகோல். நீண்ட பிடி, சிறு விரல் மூட்டின் வேலையை முழங்கைக்கும் தோளுக்கும் மாற்றிவிடுகிறது. ஐந்தாவது எடை. பிடியைத் தடிமனாக்குகிறோம் என்று கருவியைக் கனமாக்கிவிட்டால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்ததாகும்.

நம் சமையலறையில்

இந்த விதிகளோடு நம் சமையலறைக்குள் சென்று பார்த்தால் சில வியப்புகள் காத்திருக்கின்றன. பழமையானது என்று நாம் ஒதுக்கிவிட்ட அரிவாள்மணை, விரல் மூட்டுகளைப் பொறுத்தவரை மிகச் சிறந்த சிந்தனை. அதில் பற்றுவதற்குக் கைப்பிடியே இல்லை. அலகு நிலையாக நிற்க, காலும் உடலின் எடையும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. காயை இரு கைகளாலும் பிடித்துத் தள்ளினால் போதும். மூட்டுவாதம் உள்ளவர்களுக்காக மேலைநாடுகளில் விற்கப்படும் சில கருவிகளும் இதே வழியில்தான் செல்கின்றன: காயைக் குத்தி நிறுத்தும் முட்களுள்ள பலகை, பலகையிலேயே ஒரு முனை பொருத்தப்பட்ட கத்தி. அரிவாள்மணையின் குறை அலகில் இல்லை, தரையில் இருக்கிறது. முழங்கால் வலிக்காரரால் தரையில் அமர முடியாது. மேடையின் விளிம்பில் இறுகப் பொருத்தக்கூடிய, பாதுகாப்பு உறையுள்ள அரிவாள்மணை ஒன்றை நம் பட்டறைகள் எளிதில் செய்ய முடியும்.

இதற்கு நேர்மாறானது இடுக்கி. கொதிக்கும் பாத்திரத்தின் முழு எடையையும், உள்ளங்கையை இறுக்கும் விசை ஒன்றே தாங்குகிறது. விசை ஒரு கணம் தளர்ந்தால் கொதிநீர் காலில். மூட்டுவாதக் கைக்கு இதைவிடப் பொருந்தாத கருவியை வேண்டுமென்றே வடிவமைத்தாலும் செய்ய முடியாது. இரு பக்கமும் அகலமான காதுகள் வைத்த பாத்திரம் இருந்தால் அந்த எடை இரு முன்கைகளுக்கும் பகிர்ந்துவிடும். கைப்பிடியே இல்லாத பாத்திரம் அடுக்கி வைக்க வசதியானது, விலையும் குறைவு. அந்த வசதிக்கான விலையைத்தான் பயன்படுத்துபவரின் கை கொடுக்கிறது.

குக்கர் மூடியைத் திருகித் திறப்பது, முறுக்கு அச்சை இரு கைகளாலும் அழுத்துவது, கைப்பிடி சுழற்றும் தேங்காய்த் துருவியில் கோலி அளவுக் குமிழைப் பற்றுவது என ஒவ்வொன்றையும் இப்படி ஆராயலாம். கதிர் அரிவாள், களைக்கொத்தி, தையற்காரரின் கத்தரிக்கோல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

என் மனைவிக்கு முடக்குவாதம் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்றாட வேலைகளைச் செய்யும் முறையைக் கற்பிக்கும் ஆக்குபேஷனல் தெரபி நிபுணர் ஒருவர், நாங்கள் கொண்டுசென்ற கரண்டியின் காம்பில் துணியைச் சுற்றி, அதன்மேல் பழைய சைக்கிள் டியூபை இழுத்து மாட்டிக் காட்டினார். ஈரத்துணியைக் கையால் முறுக்காமல் குழாயில் சுற்றிப் பிழியவும், பாலை ஒரு கையால் தூக்காமல் இரு கைகளால் ஏந்தவும் சொன்னார். இவற்றுக்கெல்லாம் ஒரு ரூபாயும் செலவாகவில்லை. துணியும் டியூபும் நாளடைவில் அழுக்கேறும். அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். ஆயினும் அந்தக் கரண்டியைத்தான் அவர் இன்றும் எடுக்கிறார். பக்கத்திலேயே தொங்கும் பளபளப்பான கரண்டிகளைத் தொடுவதில்லை. இவ்வளவு எளிய ஒன்று கடையில் ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்வி எனக்கு அன்று எழுந்தது.

ஓர் ஆப்பிள் சீவியின் பாடம்

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் சாம் ஃபார்பர். சமையலறைப் பொருள் வணிகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தவர். அவர் மனைவி பெட்சிக்குக் கைகளில் மூட்டுவாதம். ஆப்பிளின் தோலைச் சீவும் சாதாரண உலோகச் சீவியை அவரால் பிடிக்க முடியவில்லை. நியூயார்க்கின் 'ஸ்மார்ட் டிசைன்' என்ற வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து ஃபார்பர் உருவாக்கிய 'ஆக்ஸோ குட் கிரிப்ஸ்' கருவிகள் 1990இல் சந்தைக்கு வந்தன. ஈரக்கையிலும் வழுக்காத, மென்மையான கறுப்பு ரப்பர் போன்ற பொருளால் ஆன தடித்த நீள்வட்டப் பிடி. விரல் பதியும் இடத்தில் வளைந்துகொடுக்கும் மெல்லிய வரிகள். பெட்சி இந்தக் கதையில் நோயாளியாக மட்டுமே இடம்பெறுவது வழக்கம். வடிவமைப்பின் யோசனையில் தமக்கும் பங்கு உண்டு என்று பின்னாளில் அவரே சுட்டிக்காட்டினார். நோயுற்ற கைக்கு உரியவரே அந்தக் கருவியின் முதல் வடிவமைப்பாளர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இங்கே பொருளாதார மாணவன் கவனிக்க வேண்டியது ஒன்று. ஃபார்பர் அந்தச் சீவியை மருந்துக்கடையில் வைத்து, 'மூட்டுவாதக்காரர்களுக்கு மட்டும்' என்று எழுதி விற்கவில்லை. சமையலறைப் பொருட்கள் விற்கும் கடைகளில், எல்லோருக்குமான நல்ல சீவியாகவே விற்றார். சாதாரணச் சீவியைவிட விலை கூடுதலாக இருந்தும், வலியே இல்லாதவர்களும் அதை வாங்கினார்கள். வலிக்கும் கைக்கு ஏற்றது வலிக்காத கைக்கும் சுகமாகவே இருந்தது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ் இத்தகைய வடிவமைப்புக்கு 'அனைவருக்குமான வடிவமைப்பு' என்று பெயர் சூட்டினார். நடைபாதையின் சாய்தளம் சக்கர நாற்காலிக்காக வந்தது; குழந்தை வண்டியும் சூட்கேசும் அதே வழியில்தான் ஏறுகின்றன.

இதன் பின்னுள்ள கணக்கு எளியது. எடுத்துக்காட்டாக, ஒரு பிளாஸ்டிக் கைப்பிடியை வார்க்கும் அச்சுக்கு 5 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளுக்கென்று ஆயிரம் பிடிகள் மட்டும் செய்தால், ஒவ்வொன்றின் மீதும் அச்சுக்கூலியாக மட்டும் 500 ரூபாய் ஏறும். ஒரு லட்சம் பிடிகள் செய்தால் அதே சுமை 5 ரூபாய். சிறப்புக் கருவிகள் எட்டாத விலையில் இருப்பதற்கு முக்கியக் காரணம் அவற்றின் மூலப்பொருள் அல்ல. அவை சிலருக்கு மட்டும் செய்யப்படுவதுதான்.

சந்தை ஏன் தானாகத் தருவதில்லை?

தேவை இவ்வளவு இருக்கும்போது சந்தையே இதைச் செய்திருக்க வேண்டாமா? மூன்று தடைகளை நான் காண்கிறேன்.

முதலாவதாக, வாங்குபவரும் பயன்படுத்துபவரும் பல நேரங்களில் ஒருவரல்லர். நம் வீடுகளில் பாத்திரங்கள் பெரும்பாலும் சீர்வரிசையாகவும் விழாப் பரிசாகவும் வருகின்றன. எடைக்கும் பளபளப்புக்கும் விலை கொடுக்கிறோம். பிடித்துப் பார்த்து வாங்கும் பழக்கம் நமக்கு இல்லை.

இரண்டாவதாக, அந்தக் கைகளின் உழைப்புக்கு நாட்டின் கணக்கில் இடமில்லை. மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். இந்த உழைப்பு உள்நாட்டு உற்பத்தியில் சேர்வதில்லை. தொழிற்சாலையில் ஒரு பொருந்தாத கருவியால் உற்பத்தி குறைந்தால் மேலாளர் மறுநாளே அதை மாற்றுவார், ஏனெனில் இழப்பு ரூபாயில் தெரிகிறது. வீட்டில் அந்த இழப்பு வலியாக மட்டுமே பதிவாகிறது. சமையல் பெண்ணின் கடமை என்று இங்கே நான் வாதிடவில்லை. ஆண்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதில் ஐயமில்லை. பகிர்ந்துகொள்ளும் ஆணின் கைக்கும் நல்ல கருவி தேவை.

மூன்றாவதாக, அரசின் பட்டியல்களில் கைக்கு இடமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மூட்டுவாதம் அதில் தனி வகையாக இல்லை. சட்டத்தின் பெரும்பாலான சலுகைகளைப் பெறக் குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு இருப்பதாகச் சான்று வேண்டும்; காலையில் விறைத்து மாலையில் தளரும் விரல்களை இத்தகைய விழுக்காட்டில் அடக்குவது எளிதன்று. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்காக 2017இல் தொடங்கப்பட்ட 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா' ஊன்றுகோல், நடைச்சட்டம், சக்கர நாற்காலி, செவித்துணைக் கருவி, மூக்குக்கண்ணாடி, பல்செட்டு ஆகியவற்றைத் தன் தொடக்கப் பட்டியலில் சேர்த்தது. நடக்க, கேட்க, பார்க்க, மெல்ல உதவும் கருவிகள் அவை. பற்றிப் பிடிக்க உதவும் கருவி எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

என்ன செய்யலாம்?

நம்மால் முடியாத காரியம் அல்ல இது. 1968இல் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி.கே.சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் இணைந்து உருவாக்கிய செயற்கைக் கால், வெறுங்காலோடு நடக்கவும் குந்தி உட்காரவும் சேற்றில் இறங்கவும் ஏற்றதாக, நம் வாழ்க்கை முறையை அறிந்து செய்யப்பட்டது. நம் மாநிலத்திலேயே கோயம்புத்தூர் கிரைண்டர் ஆட்டுக்கல்லின் உழைப்பை நீக்கியது. சாய்க்கும் வகை கிரைண்டர் வந்தபின், மாவை எடுக்கக் கல்லைத் தூக்க வேண்டிய தேவையும் குறைந்தது. அதை எவரும் நோயாளிக் கருவி என்று அழைக்கவில்லை. முதிய கைகள் அதனால் பெற்ற நிம்மதி பெரிது.

அரசு செய்யக்கூடியதில் முதன்மையானது கொள்முதல். 1982 முதல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் தமிழ்நாடெங்கும் பொதுச் சமையலறைகளை உருவாக்கியுள்ளன. அவற்றில் ஆண்டுக்கணக்கில் பெரிய கரண்டிகளையும் கனத்த பாத்திரங்களையும் கையாள்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தக் கூடங்களுக்கான ஒப்பந்தப் புள்ளியில், கைப்பிடியின் விட்டம், வழுக்காத மேற்பரப்பு, இரு காதுள்ள பாத்திரம் என்று மூன்று நிபந்தனைகள் சேர்ந்தால், மேற்சொன்ன அச்சுக்கூலிக் கணக்கு ஒரே நாளில் மாறிவிடும். 2011இல் மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வீடு வீடாக வழங்கிய மாநிலத்துக்கு மொத்தக் கொள்முதலின் வலிமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது தகவல். பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ். 2347 என்ற தரநிலை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மூடியைத் திறக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதையும் பெட்டியின் மேல் அச்சிடச் செய்தால், கொள்ளளவையும் விலையையும் ஒப்பிடுவது போல மக்கள் அதையும் ஒப்பிடுவார்கள். ஒப்பிட முடிந்த ஒன்றில்தான் நிறுவனங்கள் போட்டியிடும்.

மூன்றாவது, கல்வி. பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் செய்யப்படும் மாணவர் திட்டப்பணிகளில் சிலவற்றையேனும், அரசு மருத்துவமனையின் மூட்டு நோய்ப் பிரிவுக்கு வரும் நோயாளிகளோடு சேர்ந்து செய்யச் சொல்லலாம். அவர்கள் பிடித்துப் பார்த்து, வலிக்கிறதா இல்லையா என்று சொல்வதே தேர்வு. அந்தத் தேர்வில் தேறிய வடிவத்தை அருகிலுள்ள சிறு பட்டறை எடுத்துச் செய்ய அரசு கடன் வசதி தரலாம்.

கருவிகள் நோயைக் குணப்படுத்துவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முடக்குவாதத்தைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து முறையான மருந்துகளைத் தொடங்கினால் மூட்டுகள் சிதைவதைப் பெருமளவு தடுக்கலாம். விரல்கள் வீங்கி, காலை விறைப்பு வாரக்கணக்கில் நீடித்தால், தைலம் தடவிக் காலம் கடத்தாமல் மருத்துவரைக் காண்பதே முதல் வேலை. மருந்தும் கருவியும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, துணை.

அரசும் தொழில்துறையும் நகரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த முறை வீட்டுக்குக் கரண்டியோ கத்தியோ வாங்கப் போகும்போது, அதைப் பயன்படுத்தப்போகும் கையை உடன் அழைத்துச் செல்லுங்கள். கையைச் சற்று நனைத்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாத்திரக் கடைக்காரர் முதலில் வியப்பார். பத்துப் பேர் கேட்டால் தடித்த பிடியுள்ள கரண்டியைத் தருவித்து வைப்பார். அவர் கேட்டால் உற்பத்தியாளர் செய்வார். சந்தை தேவையை அறிந்துகொள்வது இப்படித்தான். வீட்டுக்குள் வாய்மூடிப் பொறுத்துக்கொள்ளும் வலி எந்தச் சந்தையின் காதிலும் விழாது.